எச்சில் சொல்லும் கதை... சொல்லாத கதை!

இன்டர்னல், ரெக்கார்டு நோட்டு, லேப் எக்ஸாம் எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வைங்க. இந்த வாரமும் ஒரு டெஸ்ட் பத்தித்தான் பேசப் போறோம். ஆனா இதுக்குப் படிக்க வேண்டாம், பிட் எழுத வேண்டாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாயில துப்பினாப் போதும். பாஸ், ஃபெயில் கிடையாது. ஆனா ரிசல்ட் வந்தா வீட்டுல சண்டை கியாரண்டி!

எங்க வீட்டுல வந்த சண்டையைச் சொல்றேன், கேளுங்க.

எங்க அப்பத்தாவோட அம்மாவுக்கு எங்க குடும்பத்துல 'ரங்கூன் பாட்டி'ன்னு பேரு. அவங்க பொறந்து வளர்ந்தது பர்மாவுல. 1942-ல ஜப்பான் படை ரங்கூனைப் பிடிச்சப்போ, லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஊர் திரும்பினாங்க இல்லையா... அதுல நடந்தே வந்த கூட்டத்துல எங்க ரங்கூன் பாட்டியும் ஒருத்தர். காடு, மலை, அட்டைப்பூச்சி, காலரா எல்லாம் தாண்டி மணிப்பூர் வழியா வந்து, ரயில் ஏறி, கடைசியில சிவகங்கைச் சீமைக்கு வந்து சேர்ந்தாங்க. அப்போ எங்க அப்பத்தாவுக்கு அஞ்சு வயசு.

இந்தக் கதையோட வாலா இன்னொரு வரி எங்க வீட்டுல எப்பவும் உண்டு: 'நமக்கெல்லாம் பர்மா ரத்தம் ஓடுது!' சிரிச்சா என் கண்ணு ரெண்டும் காணாமப் போயிடும். அதுக்கும் இதுதான் காரணம்னு சொல்லுவாங்க. நானும் காலேஜ் படிக்கறப்போ இந்த பர்மா ரத்தத்தை வெச்சு கேன்டீன்ல கொஞ்சநஞ்சம் பந்தா காட்டலை. ஓசி டீயே வாங்கிக் குடிச்சிருக்கேன்!

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருந்தது. அமெரிக்காவுல இருக்கிற என் சித்தப்பா பையன், பொறந்த நாளுக்கு யாரோ பரிசாக் கொடுத்த டி.என்.ஏ. கிட்ல துப்பி அனுப்பிட்டான். ரிசல்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்புல போட்டான். கலர் கலரா ஒரு மேப். தென்னிந்தியா பெரும்பகுதி. மிச்சமும் இந்த நாட்டைச் சுத்தியே. பர்மா? பூஜ்யம்! முட்டை!

கீழே ஒரு வரி: 'அண்ணே, ரங்கூன் பாட்டி கதை எல்லாம் டூப்பு போல!'

அவ்வளவுதான். பெரியப்பா கோபமா மூணு வாய்ஸ் மெசேஜ். அத்தை குரூப்பை விட்டே வெளியே போயிட்டாங்க. 'அப்பத்தா காதுக்குப் போயிடக் கூடாது'ன்னு அப்பா எல்லாருக்கும் தனித்தனியா போன் பண்ணினார். எண்பத்தெட்டு வயசுல, 'உங்க ஆத்தாளைப் பத்தி நீங்க சொன்னது பொய்'னு யார் போய்ச் சொல்றது?

யார் சொல்றது பொய்? மெஷினா, மனுஷியா? இந்தக் கேள்வியை வெச்சுக்கிட்டுத்தான் நான் ஒரு மாசமா இந்த மேட்டரைத் தோண்டினேன். தோண்டினதை உங்களுக்கும் தர்றேன்.

வாட்ச்மேன் அண்ணன் டெக்னிக்

முதல்ல, இந்த டெஸ்ட் எப்படி வேலை செய்யுது?

நம்ம டி.என்.ஏ. சுமார் 300 கோடி எழுத்துக்கள் கொண்ட ஒரு புத்தகம். உங்க புத்தகமும் என் புத்தகமும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆயிரத்துக்கு ஒரு எழுத்து அளவுலதான் வித்தியாசம். எச்சிலில் இருக்கிற செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிச்சு, ஒரு சிப் மேல விட்டு, மனுஷங்களுக்குள்ள வழக்கமா மாறுகிற ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் படிக்கிறாங்க. முழுப் புத்தகத்தையும் இல்லை. படிக்கிற வேலை பெரும்பாலும் துல்லியமாவே நடக்குது. கோளாறு அதுக்கு அடுத்த ஸ்டெப்புல.

எங்க ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன் ஒருத்தர் இருந்தார். ஃபர்ஸ்ட் இயர் பையன் வாயைத் திறந்தா போதும், ஊரைச் சொல்லிடுவார். 'ஏனுங்க'ன்னா கோயம்புத்தூர். 'ஏலே'ன்னா திருநெல்வேலி. 'இன்னாபா'ன்னா சென்னை. சும்மா சொல்லக் கூடாது, பத்துல எட்டு கரெக்ட். ஆனா நாகர்கோவில் பையன் ஒருத்தன் வந்து 'மக்கா'ன்னு பேச ஆரம்பிச்சதும், 'தம்பி கேரளாவா?'ன்னார். ஏன்? அவர் அதுவரைக்கும் நாகர்கோவில் பேச்சைக் கேட்டதே இல்லை. கேட்டதுல எது கிட்ட வருதோ அதைச் சொன்னார்.

டி.என்.ஏ. கம்பெனியும் அதே வாட்ச்மேன் அண்ணன்தான். அவங்ககிட்ட ஒரு மாதிரிப் பட்டியல் இருக்கும். 'நாலு தாத்தா பாட்டியும் இந்த ஊர்தான்'னு சொல்லக்கூடிய ஆட்களோட டி.என்.ஏ. தொகுப்பு. உங்க டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாப் பிரிச்சு, எந்தத் துண்டு எந்தக் கூட்டத்தோட ஒத்துப் போகுதுன்னு பார்த்து சதவீதம் போடுவாங்க. இதுல ரெண்டு விஷயம் கவனிங்க.

ஒண்ணு, அந்தப் பட்டியல்ல இருக்கிறவங்க இன்னைக்கு வாழுற ஆட்கள். 'உன் முன்னோர் 500 வருஷம் முன்னாடி இங்கே இருந்தாங்க'ன்னு டெஸ்ட் நேரடியாச் சொல்றதில்லை. 'இங்கே இன்னைக்கு இருக்கிறவங்க மாதிரி உன் டி.என்.ஏ. இருக்கு'ன்னுதான் சொல்லுது. அந்த ஊர்க்காரங்க முந்தி எங்கே இருந்தாங்களோ, அது வேற கதை.

ரெண்டு, பட்டியல்ல யார் அதிகம், யார் கம்மிங்கிறதைப் பொறுத்து ரிசல்ட் மாறும். கம்பெனி பட்டியலைப் புதுப்பிச்சா, நீங்க தூங்கி எழுந்திரிக்கிறதுக்குள்ள உங்க 'பூர்வீகம்' 4 சதவீதம் நகர்ந்திருக்கும். நீங்க மாறலை, உங்க தாத்தாவும் மாறலை. எக்செல் ஷீட் மாறிடுச்சு!

2019-ல கனடாவின் சி.பி.சி. டி.வி. ஒரு சோதனை பண்ணிச்சு. ஒரே மாதிரி இரட்டைப் பொறப்புச் சகோதரிகள் ரெண்டு பேர், அஞ்சு கம்பெனிக்கு எச்சில் அனுப்பினாங்க. ரெண்டு பேருக்கும் டி.என்.ஏ. ஒண்ணேதான். ஆனா கம்பெனிக்குக் கம்பெனி ரிசல்ட் வேற. அதுகூடப் பரவாயில்லை. ஒரே கம்பெனியில அக்காவுக்கும் தங்கைக்குமே சதவீதம் வேற வேற!

அதனால அந்தக் கலர் மேப்பைத் தீர்ப்பு மாதிரி படிக்காதீங்க. வானிலை அறிக்கை மாதிரி படிங்க. 'மிதமானது முதல் கன மழை'ன்னு சொல்ற மாதிரி, கண்டம் அளவுல நல்லாச் சொல்லும். மாவட்டம் அளவுல கேட்டா இழுக்கும்.

சீட்டுக்கட்டுக் கணக்கு

இப்போ கொஞ்சம் கணக்கு. பயப்படாதீங்க, எட்டாம் கிளாஸ் கணக்குதான்.

அம்மாகிட்டேர்ந்து பாதி, அப்பாகிட்டேர்ந்து பாதி. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தப் பாதி எந்தப் பாதிங்கிறது குலுக்கல். சீட்டுக்கட்டைக் கலைச்சுப் போட்டுப் பாதியை எடுக்கிற மாதிரி. உங்களுக்கு வந்த சீட்டு எல்லாமே உங்க தம்பிக்கு வந்திருக்காது. அதனாலதான் ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்த அண்ணன் தம்பிக்கே பூர்வீகச் சதவீதம் கொஞ்சம் மாறும்.

தாத்தா, பாட்டி ஒவ்வொருத்தர்கிட்டேர்ந்தும் சராசரியா 25 சதவீதம். கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டின்னா 12.5. இப்படியே ஒவ்வொரு படியும் பாதியாகும். பத்துத் தலைமுறை மேலே போனா உங்களுக்கு 1,024 முன்னோர் வரணும். (சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் பண்ற நம்ம ஊர்ல ஒரே ஆள் ரெண்டு மூணு இடத்துல வருவார், அது வேற!) அந்தக் கூட்டத்துல நிறையப் பேரோட டி.என்.ஏ. ஒரு துணுக்குகூட இன்னைக்கு உங்க உடம்புல இருக்காது. குலுக்கலில் வழியிலேயே நழுவிப் போயிருக்கும். அவங்க இல்லாம நீங்க பொறந்திருக்கவே முடியாது. ஆனா அவங்க கையெழுத்து உங்ககிட்ட இல்லை. வம்சமும் டி.என்.ஏ.வும் ஒண்ணு இல்லைங்கறதுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா?

சரி, அப்போ எங்க ரங்கூன் பாட்டி கேஸுல? அவங்க என் தம்பிக்குக் கொள்ளுப் பாட்டி. சராசரியா 12.5 சதவீதம் வரணும். கூடலாம், குறையலாம், ஆனா சுத்தமா முட்டை ஆகாது. பர்மிய மக்களோட டி.என்.ஏ.வும் தென்னிந்தியர் டி.என்.ஏ.வும் குழம்பிப் போற அளவுக்குக் கிட்ட இல்லை. ஆக, நான் ஆசைப்பட்டாலும் படாவிட்டாலும் ஒரு உண்மையை ஒத்துக்கிட்டே ஆகணும். ரங்கூன் பாட்டி ரத்தத்தால பர்மாக்காரி இல்லை. இந்த ஒரு விஷயத்துல மெஷின் சொன்னது சரி.

நெஞ்சுல ஒரு குத்து. கேன்டீன் ஓசி டீயை எல்லாம் திருப்பித் தரணுமோ?

ஒரே ஒரு நூல்

'என் தந்தை வழி இது, தாய் வழி இது'ன்னு சொல்ற இன்னொரு வகை டெஸ்ட்டும் உண்டு. ஒய் குரோமோசோம் அப்பாகிட்டேர்ந்து மகனுக்கு மட்டும் போகும். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாகிட்டேர்ந்து பிள்ளைகளுக்குப் போகும். மொத்தமே 16,569 எழுத்து. ரெண்டும் பெரிசாக் கலையாம வர்றதால ரொம்ப தூரம் பின்னாடி போகலாம். ஆனா ஒரு சிக்கல். பத்தாவது தலைமுறையில இருக்கிற 1,024 பேருல, ஒய் ஒருத்தரைக் காட்டும். மைட்டோகாண்ட்ரியா ஒருத்தியைக் காட்டும். மிச்சம் 1,022 பேர்? நோ கமென்ட்ஸ்!

இதை நம்ம ஊர்க் கதையிலேயே பார்க்கலாம். மதுரை காமராஜர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும், அமெரிக்க மரபியலாளர் ஸ்பென்சர் வெல்ஸும் சேர்ந்து மதுரை வட்டாரத்துல ரத்த மாதிரிகள் எடுத்தாங்க. ஒரு கிராமத்து இளைஞரோட ஒய் குரோமோசோம்ல எம்130-ங்கிற அடையாளம் இருந்தது. 50 ஆயிரம் வருஷத்துக்கும் மேல பழசான அடையாளம். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமா கிளம்பி, இந்தியா வழியா ஆஸ்திரேலியா வரைக்கும் போன ஆதி மனுஷக் கூட்டத்தோட தடயம்னு வெல்ஸ் தன்னோட 'தி ஜர்னி ஆஃப் மேன்' புத்தகத்துல (2002) சொன்னார். அருமையான கண்டுபிடிப்பு. சந்தேகமே இல்லை.

ஆனா அதுக்கப்புறம் நம்மாளுங்க பண்ணின அலப்பறை இருக்கே... 'இந்தியாவின் முதல் மனிதன்', 'முதல் குடிமகன்'னு மாலை மரியாதையே பண்ணிட்டாங்க. கொஞ்சம் யோசிங்க. எம்130 வேரிலிருந்து வந்த கிளைகள் மங்கோலியாவிலும் இருக்கு, ஆஸ்திரேலியப் பழங்குடிகள்கிட்டேயும் இருக்கு. தலைமுறைக்கு 25 வருஷம்னு வெச்சா, 50 ஆயிரம் வருஷத்துல 2,000 தலைமுறை. அத்தனை தலைமுறையிலும் அப்பா, அப்பாவோட அப்பா, அவரோட அப்பான்னு ஒரே ஒரு நூலைத்தான் அந்த டெஸ்ட் பிடிச்சுக்கிட்டுப் போகுது. அந்த அடையாளம் இல்லாத பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே ஆதிக் கூட்டத்துத் தாத்தா இருந்திருப்பார். அம்மா வழியில, பாட்டி வழியில. டெஸ்ட் கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான்.

ஓப்ரா வின்ஃப்ரேயை எடுத்துக்குங்க. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு இந்த டெஸ்ட் ஒரு விளையாட்டே இல்லை. அடிமைகளா விற்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்களோட பேரும் ஊரும் ஒழுங்கா எழுதி வைக்கலை. 1870 சென்சஸ்லதான் விடுதலையான அந்த மக்களோட பேரு முதல் தடவையா முழுசாப் பதிவாகுது. அதுக்கு முன்னாடி தேடினா சுவர்தான். அந்தச் சுவரைத் தாண்ட அவங்களுக்குக் கிடைச்ச ஒரே ஜன்னல் டி.என்.ஏ. 2005-ல தென்னாப்பிரிக்கா போன ஓப்ரா, 'நான் ஜூலு இனம்'னு மேடையில சந்தோஷமாச் சொன்னாங்க. அடுத்த வருஷம் பேராசிரியர் ஹென்றி லூயி கேட்ஸ் தன் டி.வி. நிகழ்ச்சியில ரிசல்ட்டைக் கொடுத்தார். ஜூலு இல்லை. தாய் வழி லைபீரியாவின் க்பெல்லே மக்களோட ஒத்துப் போகுது. அதுவும் ஒரே ஒரு தாய் வழி நூல்தான். ஆனாலும் ஒண்ணுமே தெரியாத இருட்டுல இருந்தவங்களுக்கு அந்த ஒரு நூல் எவ்வளவு பெரிய விஷயம்! அதைச் சும்மா கிண்டல் பண்ண என்னால முடியலை.

சொந்தம்னு யார் சொல்லணும்?

இன்னொரு கதை. அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன், தன் குடும்பத்துல செவ்விந்திய ரத்தம் உண்டுன்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டிருந்தாங்க. (எங்க வீட்டு பர்மா மாதிரியே!) எதிர்க்கட்சி கிண்டல் பண்ணவும் 2018-ல டெஸ்ட் எடுத்து வெளியிட்டாங்க. ஆறுலேர்ந்து பத்துத் தலைமுறைக்கு முன்னாடி ஒரு பூர்வகுடி முன்னோர் இருந்திருக்கலாம்னு வந்தது. அதாவது 64-ல் ஒரு பங்குலேர்ந்து 1,024-ல் ஒரு பங்கு வரைக்கும். அதுகூட மெக்சிகோ, பெரு, கொலம்பியா மக்களோட மாதிரியை வெச்சுப் பார்த்தது. அமெரிக்கப் பூர்வகுடிகளோட மாதிரி அவ்வளவா கையில இல்லை.

ஜெயிச்சுட்டாங்களா? இல்லை. செரோக்கி மக்களோட அரசே மறுப்பு வெளியிட்டுச்சு. ஒருத்தர் எங்க குடியைச் சேர்ந்தவரான்னு டி.என்.ஏ. முடிவு பண்ண முடியாது, எங்க குடியுரிமைக்கான சட்ட விதிகளை நாங்கதான் வகுக்கிறோம்னு அர்த்தம் வர்ற மாதிரி. 2019-ல வாரன் அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. சொந்தம்னு ஒருத்தன் தனியா உட்கார்ந்து சொல்லிக்கிட்டா போதாது. எதிர்ப்பக்கமும் 'வாப்பா'ன்னு கூப்பிடணும்!

இப்போ நம்ம பக்கம் திரும்புவோம். மணிக்கட்டுல கலர் கயிறு கட்டிக்கிட்டு, 'எங்க ரத்தம் சுத்த ரத்தம்'னு சுத்துற சில அறிவாளிகள் நம்ம கேம்பஸ்லேயும் இருக்காங்க இல்லையா? அவங்ககிட்ட இதைச் சொல்லுங்க. ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் லால்ஜி சிங், குமாரசாமி தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் குழு 2009-ல 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்திய நிலப்பரப்புல இருக்கிற குழுக்கள் கிட்டத்தட்ட எல்லாமே ரெண்டு பழைய கூட்டங்களோட கலப்புன்னு காட்டுச்சு. அளவுதான் கூடக் குறைய. 2013-ல அதே குழு இன்னும் நோண்டினப்போ, அந்தக் கலப்பு சுமார் 4,200 வருஷத்துலேர்ந்து 1,900 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் நடந்திருக்குன்னு தெரிஞ்சது. அதுக்கு அப்புறம்தான் கதவைச் சாத்திக்கிட்டு அவங்கவங்க கூட்டத்துக்குள்ளேயே கல்யாணம் பண்ண ஆரம்பிச்சிருக்கோம். அதாவது 'சுத்தம்'ங்கறது பின்னாடி மாட்டின பூட்டு. உள்ளே இருக்கிறது கலந்த சாதம்தான்!

அந்தப் பூட்டுக்கு விலையும் கொடுத்தாச்சு. சின்னக் கூட்டத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக் கல்யாணம் பண்ணினா, அரிதான குறைபாடுகள் அந்தக் கூட்டத்துல மட்டும் அதிகமாகும். ஆந்திர வைசியர் சமூகத்துல சிலருக்கு ஒரு என்சைம் குறைபாடு இருக்கு. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கறப்போ போடுற ஒரு தசை தளர்த்தி மருந்தை அவங்க உடம்பு சீக்கிரம் உடைக்காது. டாக்டருக்கு முன்கூட்டியே தெரிஞ்சா உயிர் பிழைக்கும். மரபணு ஆராய்ச்சி இங்கேதான் நிஜமா கை கொடுக்குது. பெருமைக்கு இல்லை, மருந்துக்கு!

துப்பறதுக்கு முன்னாடி...

இந்த டெஸ்ட் அட்டகாசமாச் செய்யற ஒரு வேலை உண்டு. நெருங்கின சொந்தத்தைக் கண்டுபிடிக்கிறது. அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க, சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க... இதுல அநேகமாத் தப்பே வராது. தத்துப் போன எத்தனையோ பேர் பெத்த தாயை இப்படித்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. அதே சமயம், 'நான் அப்பான்னு கூப்பிட்டவர் என் அப்பா இல்லை'ன்னு ஒரு மதியான நேரத்துல ஈ-மெயில் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டவங்களும் இருக்காங்க. அந்தக் கதவைத் திறந்தா மூட முடியாது.

இன்னொண்ணு. உங்க எச்சில் உங்களோடது மட்டும் இல்லை. 2018-ல கலிஃபோர்னியாவுல பல வருஷமாத் தப்பிச்சுக்கிட்டிருந்த ஒரு தொடர் கொலைகாரனைப் போலீஸ் பிடிச்சது. அவன் எந்த டெஸ்ட்டும் எடுக்கலை. தூரத்துச் சொந்தக்காரங்க தங்களோட டி.என்.ஏ.வை ஒரு பொதுத் தளத்துல ஏத்தியிருந்தாங்க. அந்த நூலைப் பிடிச்சு வந்துட்டாங்க. கொலைகாரன் மாட்டினது சந்தோஷம். ஆனா உங்க ஒன்றுவிட்ட தங்கச்சி துப்பினா உங்க கதவும் பாதி திறந்திருக்குங்கறது நினைவிருக்கட்டும்.

2023-ல '23 அண்ட் மீ' கம்பெனியில திருட்டு நடந்தப்போ, திருடங்க நேரடியா நுழைஞ்சது சுமார் 14 ஆயிரம் கணக்குல. ஆனா சொந்தக்காரங்களை இணைக்கிற வசதி வழியா சுமார் 69 லட்சம் பேரோட விவரம் வெளியே போச்சு. 2025 மார்ச்ல அந்தக் கம்பெனி திவால் மனு போட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆட்களோட மரபணு, ஏலத்துக்கு வந்த சொத்துல ஒண்ணாச்சு! கடைசியில ஜூலைல அதை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ஆன் வோஜிஸ்கியோட அமைப்பே 30.5 கோடி டாலருக்கு வாங்கினது. பாஸ்வேர்டு போச்சுன்னா மாத்திக்கலாம். டி.என்.ஏ.வை மாத்த முடியுமா பாஸ்?

அப்பத்தா தீர்ப்பு

இவ்வளவும் படிச்சுட்டுப் போன வாரம் ஊருக்குப் போனேன். அப்பா சொன்னதை மீறி அப்பத்தாகிட்ட உட்கார்ந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். எச்சில், குழாய், அமெரிக்கா, மேப், முட்டை. கோபப்படும்னு நினைச்சேன். வெத்தலையை மடிச்சு வாயில போட்டுக்கிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு.

"ரத்தம்னு எவன்டா அப்பு சொன்னது?"

"நீங்கதானே அப்பத்தா..."

"நான் எங்கடா ரத்தம்னு சொன்னேன்? பாலுன்னுல்ல சொன்னேன்! எங்காத்தாளைப் பெத்தவ ரங்கூன்ல பிரசவத்துலயே போயிட்டா. எங்க பாட்டனுக்கு அரிசி மில்லுல வேலை. கைப்புள்ளைய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு? அடுத்த வீட்டு பர்மாக்காரி, அவ புள்ளை செத்துப் போயிருந்துச்சாம், இவளைத் தூக்கிப் பால் குடுத்தா. கல்யாணம் வரைக்கும் அவதான் வளத்தா. எங்காத்தா உடம்புல ஓடுறது பர்மாப் பாலுன்னு சொல்லுவேன். நீங்க அதை ரத்தமாக்கிட்டீகளா?"

நான் வாயைத் திறக்கலை. என் போன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணினேன். அப்பத்தா பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போச்சு. ரங்கூன் பாட்டி தூக்கத்துல பர்மா பாஷையில புலம்பினது. பிள்ளைங்க கன்னத்துல சந்தனத்தை வட்டமாப் பூசிவிட்டது. மீன் குழம்புல வாழைத்தண்டைப் போட்டது. 1942-ல கிளம்பறப்போ அந்த அம்மா தெரு முனை வரைக்கும் கூட வந்து நின்னது. அதுக்கப்புறம் ஒரு சேதியும் இல்லாமப் போனது.

"அந்த அம்மா பேரு என்ன அப்பத்தா?"

"எங்காத்தா 'அமே'ன்னு தான் கூப்பிடுவா."

"அது பேரா?"

"அமேன்னா அம்மான்னு அர்த்தமாம்டா. பெத்த ஆத்தாளைப் பேரு சொல்லியா கூப்பிடுவாக?"

பெத்த ஆத்தான்னுதான் சொல்லிச்சு. நான் திருத்தலை.

அந்த 'அமே'வோட ஒரு எழுத்துகூட எங்க 300 கோடி எழுத்துல கிடையாது. எந்த சிப்பும் அவங்களைக் காட்டாது. ஆனா அவங்க தூக்கலைன்னா ரங்கூன் பாட்டி இல்லை, அப்பத்தா இல்லை, அப்பா இல்லை, இந்தப் பத்தியும் இல்லை. மெஷின் பொய் சொல்லலை மக்களே. அதுகிட்ட நாங்க கேட்ட கேள்விதான் தப்பு. 'யார் பெத்தா?'ன்னு கேட்டோம், சரியாச் சொல்லிச்சு. 'யார் வளத்தா?'ங்கற கேள்விக்கு அதுகிட்ட பதிலே கிடையாது.

அதனால ஒரு சின்ன வீட்டுப்பாடம். துப்பணும்னு ஆசையா இருந்தா துப்புங்க, வேண்டாம்னு சொல்லலை. அதுக்கு முன்னாடி இந்த லீவுல ஊருக்குப் போறப்போ, வீட்டுல இருக்கிற மூத்தவங்க பக்கத்துல உட்கார்ந்து போன் ரெக்கார்டரை ஆன் பண்ணுங்க. 'நாம எந்த ஊரு?'ன்னு கேட்காதீங்க, ஒரு வரியில முடிச்சுடுவாங்க. 'உங்களை யாரு வளத்தா? சின்ன வயசுல யார் வீட்டுல சாப்பிட்டீங்க? கஷ்டத்துல யார் கை கொடுத்தா?'ன்னு கேளுங்க. வர்ற பேர்கள்ல பாதி உங்க சாதியாவே இருக்காது. சில நேரம் உங்க மதமா, மொழியாக்கூட இருக்காது. இந்த டெஸ்ட்டுக்கு ஃபீஸ் இல்லை. ஆனா லேட் பண்ணினா லேபே மூடிடும்!

ரெக்கார்டிங்கை ஃபேமிலி குரூப்புல போட்டேன். அத்தை திரும்ப உள்ளே வந்துட்டாங்க. அமெரிக்காத் தம்பிகிட்டேர்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு பதில்:

'அண்ணே, அந்த முட்டை மேப்பை டெலீட் பண்ணிட்டேன். வாழைத்தண்டு மீன் குழம்பு எப்படி வைக்கணும்னு அப்பத்தாகிட்ட கேட்டு அனுப்புங்க.'

அடுத்த வாரம் பார்க்கலாம்... டாட்டா!